நிலத்துக்கு ஒரு பத்திரம், நீருக்கு இன்னொன்று

ஆஸ்திரேலிய ஆற்றங்கரைகளில் பழைய குடும்பப் பண்ணைகளை விலைபேச முன்வருவோருக்கு ஒரு திறந்த மடல்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதியில் முரம்பிட்ஜி, லாக்லன், டார்லிங் ஆறுகளின் கரையோரம், நான்கைந்து தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்த மேய்ச்சல்–பாசனப் பண்ணை விற்பனைக்கு வரும்போது, விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுபவை படங்கள்தான். அகன்ற தாழ்வாரம் வைத்த வீடு, தகரக் கூரை போட்ட கம்பளிக் கொட்டகை, ஆற்று வளைவில் சாய்ந்து நிற்கும் மரங்கள். படங்களுக்குக் கீழே ஓர் அட்டவணை இருக்கும். அதில் ஒரு வரி நிலப்பரப்பை எக்டேர் கணக்கில் சொல்லும். இன்னொரு வரி நீர் உரிமத்தை மெகா லிட்டர் கணக்கில் சொல்லும். பண்ணையின் எதிர்காலம் இந்த இரண்டாவது வரியைப் பொறுத்தது. அந்த நாட்டில் நிலமும் பாசன நீரும் சட்டப்படி இருவேறு சொத்துகள். இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்கலாம், ஒன்றை மட்டும் அடமானம் வைக்கலாம். கிரயப் பத்திரத்திலேயே "கிணற்றில் பங்கும் மோட்டாரில் பாத்தியமும் உட்பட" என்று எழுதிப் பழகிய தமிழ்நாட்டவருக்கு இது எளிதில் பிடிபடாது. வாங்க வருவோர் ஏமாறும் இடமும், விற்கும் குடும்பங்கள் பின்னாளில் வருந்தும் இடமும் பெரும்பாலும் இதுவே.

இத்தகைய பண்ணையை அங்கே 'ஸ்டேஷன்' என்பார்கள். பெயர் தொடக்க காலத்திலிருந்து வருகிறது. 1829இல் காலனி அரசு சிட்னியைச் சுற்றிப் பத்தொன்பது மாவட்டங்களை வரையறுத்து, அதற்கு வெளியே யாரும் குடியேறக் கூடாது என்றது. மந்தை வைத்திருந்தவர்கள் கேட்கவில்லை. ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போய், நீர் கண்ட இடத்தில் குடிசை போட்டுக் கிடை அமர்த்தினார்கள். அவர்களுக்கு 'ஸ்குவாட்டர்' என்று பெயர் வந்தது. தடுக்க முடியாத அரசு 1836 முதல் ஆண்டுக்குப் பத்து பவுண்டு உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதித்தது. 1847இல் நீண்ட காலக் குத்தகையும் கொடுத்தது.

அவர்கள் போய் இறங்கிய மண் ஆளற்ற மண் அல்ல. முரம்பிட்ஜியின் நடுப்பகுதி விராஜுரி மக்களுடையது. கீழே ஹே நகரை ஒட்டிய சமவெளி நரிநரி மக்களுடையது. டார்லிங் கரை பாகண்ட்ஜி மக்களுடையது. அவர்களிடம் யாரும் விலை பேசவில்லை, உடன்படிக்கையும் எழுதவில்லை. நரண்டெரா ஊருக்கு அருகே ஆற்றிலிருக்கும் ஒரு தீவுக்குக் 'கொலைத் தீவு' என்று பெயர் நிலைத்தது, அங்கே விராஜுரி மக்கள் கொல்லப்பட்டதன் நினைவாக. விற்பனை விளம்பரங்கள் பண்ணையின் வரலாற்றை 1840 என்றோ 1850 என்றோ தொடங்குகின்றன. அந்தத் தொடக்கம் பாதி வரலாறுதான். பண்ணைக்குள்ளேயே மீதிப் பாதியின் தடயம் நிற்கும். ஓடம் செய்வதற்காகப் பட்டை உரித்தெடுத்த வடு ஆறிய மரங்கள், தலைமுறை தலைமுறையாகச் சமைத்து மேடாகிப்போன அடுப்புத் திட்டுகள், புதைமேடுகள். நியூ சவுத் வேல்ஸின் 1974ஆம் ஆண்டு தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சட்டம் இவற்றைப் பாதுகாக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரரே ஆனாலும் அவற்றைச் சிதைப்பது குற்றம். வாய்க்கால் வெட்டவோ நிலத்தைச் சமன்படுத்தவோ திட்டம் வைத்திருப்பவர் வாங்கிய பிறகு அல்ல, வாங்கும் முன்பே இதைப் பார்க்க வேண்டும்.

1861இல் ஜான் ராபர்ட்சன் கொண்டுவந்த நிலச் சட்டங்கள் பெருங்குத்தகைகளை உடைத்துச் சிறு உழவர்களுக்கு 40 முதல் 320 ஏக்கர் வரை ஏக்கர் ஒரு பவுண்டு விலையில் தர முயன்றன. ஸ்குவாட்டர்கள் அதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். முழு நிலத்தையும் வாங்கப் பணம் போதாது. ஆற்று முகப்பு, ஓடை, குட்டை, ஊற்று ஆகியவை இருக்கும் துண்டுகளை மட்டும் தம் பெயரிலும் பினாமி பெயரிலும் வாங்கிக்கொண்டார்கள். மயில் தோகையில் கண்களை மட்டும் பறிப்பதைப் போன்ற இந்த வழக்கத்துக்கு மயிலின் பெயரே சூட்டப்பட்டது. தண்ணீர்க் கரை கையில் இருந்தால் பின்னாலுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர் வறண்ட நிலம் வேறு யாருக்கும் பயன்படாது. பழம்பண்ணைகளின் வரைபடத்தில் ஆற்றோரம் சிறுசிறு கட்டங்களாகவும் உள்ளே போகப்போகப் பெரிய கட்டங்களாகவும் நிலம் பிரிந்து கிடக்கக் காரணம் இதுதான்.

ஹே நகரில் ஆண்டு மழை சராசரியாக 365 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது. டார்லிங் கரையிலுள்ள பர்க்கிலும் ஏறக்குறைய அதே அளவு. அதுவும் பருவம் தவறாமல் வருவதில்லை. ஒரு வருடம் இரட்டிப்பாகக் கொட்டும், அடுத்த மூன்று வருடம் ஏய்க்கும். இந்த மழையில் தழைப்பது உப்புப்புதர். சாம்பல் பூத்த இலையும் முழங்கால் உயரமும் கொண்ட செடி. வறட்சியில் புல்லெல்லாம் கருகிய பிறகும் ஆட்டுக்கு வாயில் வைக்க எஞ்சுவது அது. அப்படிப்பட்ட நிலத்தில் எக்டேருக்கு ஓர் ஆடு என்பதைச் சுற்றியே கணக்கு நிற்கும். ஆற்றோரத்தில் நிலைமை வேறு. வெள்ளம் விட்டுச்சென்ற சாம்பல் களிமண்ணில் செங்கோந்து யூகலிப்டஸ் மரங்கள் பல நூறு ஆண்டு வயதோடு நிற்கும். தமிழ்நாட்டில் காகித ஆலைகளுக்கென்று வளர்க்கப்படும் தைல மரங்களில் ஒரு வகை இதே இனம். அங்கே அது வெள்ளத்துக்குக் காத்திருந்து முளைக்கும் ஆற்று மரம்.

இந்த இரண்டு நிலங்களையும் இணைத்துக் கணக்குப் போட்ட மனிதர்களில் சாமுவேல் மெக்காகியைத் தாண்டி யாரையும் சொல்ல முடியாது. அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் 1835இல் பிறந்தவர். 1856இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். தெற்கே கூனாங் பண்ணையில் தொடங்கி, 1880களில் டார்லிங் கரையில் டூரேல், டன்லப் என்னும் மாபெரும் பண்ணைகளைச் சேர்த்துக்கொண்டார். டன்லப் கொட்டகையில்தான் 1888இல், உலகிலேயே முதன்முறையாக, ஒரு பண்ணையின் முழு மந்தைக்கும் எந்திரத்தால் ரோமம் கத்தரிக்கப்பட்டது. நாற்பது பேர் வரிசையாக நின்று, பிரெடரிக் வூல்ஸ்லி வடிவமைத்த கருவிகளால் கத்தரித்தார்கள். மெக்காகி தவறும் செய்தார். அதிகக் கம்பளி கிடைக்கும் என்று அமெரிக்காவின் வெர்மான்ட்டிலிருந்து தோல் மடிப்பு மிகுந்த மெரினோ கிடாக்களை இறக்குமதி செய்தார். அந்த மடிப்புகளில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்தது, கத்தரிப்பதும் கடினமானது. ஒரு தலைமுறைக் காலம் நாட்டின் மந்தைகள் அந்தத் தவறைச் சுமந்தன.

டூரேலில் அவர் செய்தது வேறு. வாரெகோ ஆறு டார்லிங்கில் கலக்கும் இடம் அது. வாரெகோ பல மாதம் மணலாகக் கிடக்கும், வடக்கே குவீன்ஸ்லாந்தில் பெய்தால் திடீரென்று விரிந்து வரும். அதன் குறுக்கே மண் கரைகள் எழுப்பி, வரும் வெள்ளத்தைத் தடுத்துப் பக்கவாட்டுச் சமவெளியில் பரப்பினார்கள். பம்பு இல்லை, எரிபொருள் இல்லை. வெள்ளம் வடிந்த இடத்தில் புல் இடுப்பளவு வளரும். ஏரிக்கரை கட்டி, மதகு வைத்து, ஆயக்கட்டுக்கு நீர் விட்ட ஊர்க்காரருக்கு இதன் தருக்கம் விளக்கமின்றியே புரியும். அங்கே விளைந்தது நெல் அல்ல, ஆட்டுக்கு மேய்ச்சல் என்பதே வேறுபாடு. எழுத்தாளர் ஹென்றி லாசன் 1892இல் இந்த டூரேல் கொட்டகையில் கம்பளி அள்ளும் எடுபிடியாக வேலை பார்த்தார். அந்த வறண்ட மாவட்டத்தில் கழித்த மாதங்கள் அவருடைய பிற்காலக் கதைகளில் எல்லாம் ஊறியிருக்கின்றன.

பிறகு மெக்காகி முரம்பிட்ஜி கரையில் வடக்கு யாங்கோ பண்ணையை வாங்கினார். அறுபதைக் கடந்த வயதிலும் ஓயாமல் சுமார் 320 கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி, 40,000 ஏக்கருக்கு நீர் பாய்ச்சிக் காட்டினார். தனி ஒருவரின் பண்ணையில் இது முடியும் என்றால் அரசால் ஏன் முடியாது என்ற கேள்வி எழுந்தது. 1907இல் பரின்ஜக் அணையின் வேலை தொடங்கியது. 1912இல் முரம்பிட்ஜி பாசனப் பகுதிக்கு முதல் நீர் வந்தது. லீட்டன், கிரிஃபித் ஊர்கள் அந்த நீரில் பிறந்தவை. 1924 முதல் அங்கே வணிக அளவில் நெல் விளைகிறது. மெக்காகிக்கு மனைவி மக்கள் இல்லை. 1919இல் இறந்தபோது சொத்தின் பெரும்பங்கு சிட்னி, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகங்களுக்குப் போனது. வடக்கு யாங்கோ வீடு 1922இல் வேளாண் உயர்நிலைப் பள்ளியாயிற்று.

நீர் யாருடையது என்பதற்கு இதற்குள் விடை எழுதப்பட்டிருந்தது. விக்டோரியாவில் ஆல்ஃபிரட் டீக்கின் முன்னின்று நிறைவேற்றிய 1886ஆம் ஆண்டுப் பாசனச் சட்டம் ஆற்று நீர் அரசின் கட்டுப்பாட்டில் என்றது. நியூ சவுத் வேல்ஸ் 1896இல் பின்தொடர்ந்தது. டீக்கின் 1890–91இல் இந்தியாவுக்குப் பயணம் செய்து, இந்தியாவின், இலங்கையின் பாசனத்தைப் பற்றி ஒரு நூலே எழுதி 1893இல் வெளியிட்டார். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பிரதமரான ஒருவர், பாசனம் கற்க இந்தப் பக்கம் வந்தார் என்பது இரு கரைகளுக்கும் இடையிலான மறக்கப்பட்ட உறவு. இன்னோர் உறவு குதிரை வழியானது. நியூ சவுத் வேல்ஸ் பண்ணைகளில் வளர்ந்து, அந்த மாநிலப் பெயராலேயே 'வேலர்' என்று அழைக்கப்பட்ட குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்தன.

அரசு நீரை எடுத்துக்கொண்டாலும், நூறு ஆண்டுக் காலம் பாசன உரிமம் நிலத்தோடு ஒட்டியே இருந்தது. நிலத்தை வாங்கினால் உரிமமும் வரும். 1994இல் ஆஸ்திரேலிய அரசுகள் கூடி எடுத்த நீர்ச் சீர்திருத்த முடிவு இந்த ஒட்டைப் பிரிக்கச் சொன்னது. நியூ சவுத் வேல்ஸில் 2000ஆம் ஆண்டின் நீர் மேலாண்மைச் சட்டம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2004இன் தேசிய நீர் ஒப்பந்தம் நாடு முழுவதும் பரப்பியது. நீர் அதிகப் பயன் தரும் இடத்துக்குப் போகட்டும் என்பது நோக்கம். நோக்கம் தவறு என்று சொல்வதற்கில்லை. திராட்சைத் தோட்டம் வறட்சியில் பட்டுப்போகாமல் காக்க, அந்த ஆண்டு நெல் போடாத உழவரிடம் நீர் வாங்க முடிந்தது உண்மையான நன்மை. ஆனால் நீர் போன நிலத்துக்கு, அதைச் சுற்றியிருந்த ஊருக்கு என்ன ஆகும் என்பதை அந்தச் சட்டங்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

விளம்பர அட்டவணையின் நீர் வரியைப் படிக்கச் சில சொற்கள் தெரிய வேண்டும். ஒரு மெகா லிட்டர் என்பது பத்து லட்சம் லிட்டர். ஓர் எக்டேரில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றால் அது ஒரு மெகா லிட்டர். முரம்பிட்ஜி பகுதியின் நெல்லுக்கு எக்டேருக்குச் சுமார் 12 மெகா லிட்டர் பிடிக்கும். உரிமத்தில் இருக்கும் எண் நீரின் அளவு அல்ல, நீரில் பங்கு. ஜூலை முதல் தேதி தொடங்கும் ஒவ்வொரு நீராண்டிலும், அணையில் இருப்பதைப் பார்த்து, பங்குக்கு எத்தனை விழுக்காடு என்று அரசு அறிவிக்கும். 'உயர் பாதுகாப்பு' உரிமத்துக்கு ஏறக்குறைய முழுதும் கிடைக்கும். பழத்தோட்டங்கள் நம்பியிருப்பது அதை. 'பொதுப் பாதுகாப்பு' உரிமத்துக்கு மிஞ்சியதுதான். மேய்ச்சலோடு பாசனம் செய்யும் பண்ணைகளிடம் பெரும்பாலும் இருப்பது இந்த வகை. மரே ஆற்றின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் 2018–19 நீராண்டில் பொதுப் பாதுகாப்புக்கு அறிவிக்கப்பட்டது பூஜ்யம். ஆயிரம் பங்கு வைத்திருந்தவருக்கும் பூஜ்யம், பத்தாயிரம் வைத்திருந்தவருக்கும் பூஜ்யம். நிலையான கட்டணங்களை மட்டும் அந்த ஆண்டும் கட்டியாக வேண்டும். இவை தவிர, வெள்ளம் பெருகும்போது மட்டும் எடுக்கும் துணை உரிமம், நிலத்தடி நீர் உரிமம் ஆகியனவும் உண்டு. ஒவ்வொன்றின் விலையும் வேறு, நம்பகமும் வேறு. மொத்தமாகக் கூட்டி "இத்தனை ஆயிரம் மெகா லிட்டர்" என்று பெரிய எழுத்தில் போடும் விளம்பரத்தை அந்தக் கூட்டுத்தொகையை வைத்து எடைபோடக் கூடாது.

ஆற்று முகப்புள்ள நிலத்துக்கு ஓர் இயல்பான உரிமை உண்டு. வீட்டுத் தேவைக்கும் கால்நடை குடிக்கவும் உரிமமின்றி நீர் எடுத்துக்கொள்ளலாம். அது நிலத்தை விட்டுப் பிரியாது. ஆற்றங்கரைப் பம்பை நிறுவி இயக்குவதற்கான அனுமதியும் நிலத்தோடு நிற்கும். பாசன உரிமம் மட்டும் பறந்துபோகக் கூடியது. அதனால் விசித்திரமான நிலைகள் உண்டாகின்றன. கரையில் பெரிய பம்பு, அனுமதி செல்லும், வாய்க்கால் சீராக இருக்கிறது, இறைக்க உரிமம் இல்லை. அல்லது கையில் உரிமம் இருக்கிறது, அதை நிலத்துக்குக் கொண்டுவர வழியில்லை. பாசன நிறுவனத்தின் வாய்க்காலில் இருக்கும் பண்ணை என்றால் இன்னொரு சுமையும் சேரும். நீரை விற்றுவிட்டாலும் நீர் கொண்டுவரும் உரிமைக்கான ஆண்டுக் கட்டணம் தொடரும். அதிலிருந்து விடுபட வேண்டுமானால், ஆண்டுக் கட்டணத்தின் பத்து மடங்கு வரை விலகல் தொகை கேட்கப்படலாம். வில்லங்கம் பார்ப்பது என்றால் இங்கே இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். நிலத்தின் மேல் கடன் இல்லாமல் இருந்து, நீர் உரிமத்தின் மேல் மட்டும் வங்கி அடமானம் இருக்கக்கூடும்.

பழைய பண்ணையின் வாய்க்காலில் நின்றால் இந்த வரலாறு முழுவதையும் ஒரே பொருளில் பார்க்கலாம். வாய்க்கால் வயலுக்குத் திரும்பும் மடையில், சிமென்ட் தொட்டிக்குள் ஒரு தகரச் சக்கரம் இருக்கும். நடுவில் பீப்பாய் போன்ற உருளை, சுற்றிலும் வளைந்த தகடுகள். ஜான் டெத்ரிட்ஜ் என்ற விக்டோரியப் பொறியாளர் 1910இல் வடிவமைத்த நீர்மானி அது. நீரின் தள்ளலிலேயே சுற்றும், சுற்றுகளை எண்ணி நீரை அளக்கும். சுற்றும்போது தகடு நீரில் மோதும் 'தொப், தொப்' ஒலி இரவில் வீடு வரை கேட்கும். ஒலி நின்றால் எங்கோ மடை அடைத்துக்கொண்டது என்று எழுந்து போவார்கள். இன்று பெரும்பாலான இடங்களில் அதற்குப் பதிலாகச் சூரிய மின்தகடு வைத்த தானியங்கி மதகுகள் வந்துவிட்டன. பழைய சக்கரங்கள் பண்ணை வாசலில் அலங்காரமாக நிற்கின்றன. ஆற்றுப் பம்புகளுக்கும் விதி கடுமையாகியிருக்கிறது. 2017இல் மாநிலத்தின் வடபகுதியில் நீர்த் திருட்டுப் புகார்கள் வெளிவந்த பிறகு, நியூ சவுத் வேல்ஸ் புதிய அளவுமானி விதிகளைக் கொண்டுவந்தது. 500 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள பம்புகளுக்கு 2020 டிசம்பர் முதல் அவை நடைமுறைக்கு வந்தன. பழைய பம்பு இருக்கும் பண்ணையில் இந்த மாற்றம் முடிந்துவிட்டதா, செலவு யார் தலையில் என்பதை முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டும்.

மேய்ச்சலும் பாசனமும் ஒரே பண்ணையில் இருப்பதற்கு ஆழமான காரணம் உண்டு. 1890களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் சுமார் பத்தரைக் கோடி ஆடுகள் இருந்தன. கடன் நெருக்கடியும் 1895 முதல் 1902 வரையான பெருவறட்சியும் முடிந்தபோது ஏறக்குறைய பாதிதான் மிஞ்சியது. அந்த அழிவைப் பார்த்த குடும்பங்களுக்கு, சில நூறு எக்டேரில் பாசனம் வைத்துக் குதிரைமசாலும் தீவன ஓட்ஸும் விளைவித்துச் சேர்த்து வைப்பது மந்தையின் ஆயுள் காப்பீடாயிற்று. நல்ல ஆண்டில் நெல்லோ பருத்தியோ பணம் தரும். கெட்ட ஆண்டில் பாசன வயலில் மேய்ந்து தாய் ஆடுகள் பிழைக்கும். பல பத்தாண்டாகத் தேர்ந்து சேர்த்தெடுத்த மந்தையின் இரத்த வரிசை அந்த ஆடுகளில் இருக்கிறது, மறுபடி வாங்க முடியாதது. ஹே சமவெளியின் யூவாட்ரி பண்ணையில் வளர்ந்த ஒரு மெரினோ கிடாவின் தலை 1938இல் ஆஸ்திரேலிய ஷில்லிங் நாணயத்தில் பொறிக்கப்பட்டது என்றால், அந்த வரிசைக்கு நாடு கொடுத்த மதிப்பு விளங்கும். ஆகவே நீரைத் தனியே விற்றுவிட்ட மேய்ச்சல் பண்ணை முன்பிருந்த மேய்ச்சல் பண்ணை அல்ல. எக்டேர் கணக்கு மாறாமல் இருக்கும், மந்தை தாங்கும் திறன் மாறிவிடும்.

குடும்பங்கள் ஏன் விற்கின்றன என்பதற்கு ஒரே விடை கிடையாது. பிள்ளைகள் நகரத்தில் வேர்விட்டிருப்பார்கள். நால்வருக்குப் பங்கு பிரித்தால் ஒருவருக்கும் பிழைப்புக்குப் போதாது, ஒருவருக்கே கொடுத்தால் மற்ற மூவருக்கும் ஈடு கட்டப் பணம் இல்லை. இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, அப்பா இறந்த பிறகு வழக்கறிஞர் அறையில் தொடங்கும் வீடுகள் நிறைய. மரண வரி 1980களின் தொடக்கத்துக்குள் ஒழிந்துவிட்டது. 1985 செப்டம்பர் 20க்கு முன் வாங்கிய நிலத்துக்கு மூலதன ஆதாய வரியும் இல்லை. பழைய குடும்பங்கள் விற்கும்போது பெறும் இந்தச் சலுகை, பிள்ளைக்குக் கைமாறிய பின் அப்படியே தொடர்வதில்லை. கம்பளி வணிகமும் ஒரு காரணம். அரசு ஆதரவுடன் நின்ற கம்பளி அடிப்படை விலை 1991 பிப்ரவரியில் சரிந்தபோது விற்காத 47 லட்சம் பொதிகள் கிடங்குகளில் தேங்கின. பல பண்ணைகளின் கடன் அந்த ஆண்டில் தொடங்கியது. 1997 முதல் 2009 வரையான நீண்ட வறட்சி மீதியைச் செய்தது. கடனை அடைக்க முதலில் நீரை விற்றார்கள். நீர் போனபின் வருமானம் சுருங்கியது. பிறகு நிலத்தையே விற்றார்கள். நீரை விற்ற குடும்பங்கள் பேராசையால் விற்கவில்லை, வங்கியின் கெடுவுக்கு முன் கையில் விலைபோகும் பொருளாக அதுவே இருந்தது. அவர்களைக் குறைகூறுவது நியாயமல்ல.

அரசும் வாங்குவோர் வரிசையில் நிற்கிறது என்பது இந்தச் சந்தையின் தனித்தன்மை. பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மரே–டார்லிங் வடிநிலத்திலிருந்து அளவுக்கு மீறி நீர் எடுக்கப்பட்டுவிட்டது. 2007ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 2012ஆம் ஆண்டின் வடிநிலத் திட்டமும் ஆற்றுக்கே நீரைத் திருப்பித் தர முயல்கின்றன. 2012 திட்டம் வைத்த இலக்கு ஆண்டுக்குச் சராசரி 2,750 கிகா லிட்டர், அதாவது 27.5 லட்சம் மெகா லிட்டர். அதற்காக உழவர்களின் உரிமங்களை மத்திய அரசு விலைக்கு வாங்கிச் சுற்றுச்சூழல் நீராக வைத்துக்கொள்கிறது.

டூரேலின் கதை இங்கேதான் மீண்டும் வருகிறது. மெக்காகியின் காலத்துக்குப் பின் கைமாறி, ஒரு வேளாண் நிறுவனத்திடம் இருந்த அந்தப் பண்ணை 2008 செப்டம்பரில் ஏலத்துக்கு வர இருந்தது. ஏலத்துக்கு முன்பே மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 2.375 கோடி டாலருக்கு வாங்கின. 91,000 எக்டேர் நிலமும் 14 கிகா லிட்டர் உரிமமும் அதில் அடங்கும். டார்லிங்குக்கு ஆண்டுக்குச் சராசரி 20 கிகா லிட்டர் திரும்பும் என்று அரசு சொன்னது. பர்க் வட்டார மன்றம் எதிர்த்தது. வேலையும் வரி வருவாயும் கடை வியாபாரமும் போகும் என்ற அவர்களுடைய கவலை வெறும் கூச்சல் அல்ல. நூறு பேர் சம்பளம் வாங்கிய ஊரில் பத்துப் பேர் குறைந்தாலே பள்ளியில் ஓர் ஆசிரியர் பணியிடம் போய்விடும். 2010இல் டூரேல் தேசியப் பூங்காவும் பாதுகாப்புப் பகுதியுமாயிற்று. குர்னு–பாகண்ட்ஜி மக்கள் அதன் நிருவாகத்தில் பங்கேற்கிறார்கள். வெள்ளத்தைப் பரப்புவதற்காக மெக்காகி எழுப்பிய அதே மண் கரைகள் இப்போது வெள்ளம் ஆற்றுக்குப் போவதற்குத் தடையாக நின்றன. அவற்றைத் திருத்தும் வேலை, வாங்கிய பிறகு பல ஆண்டு இழுத்தது.

பால்ரனால்டு அருகே முரம்பிட்ஜி கரையிலிருந்த யாங்கா பண்ணை, காலனி கால அரசியல்வாதி வில்லியம் சார்ல்ஸ் வென்ட்வொர்த்தின் காலத்திலிருந்து பெயர்பெற்றது. அதை மாநில அரசு 2005இல் வாங்கி 2007இல் தேசியப் பூங்காவாக்கியது. அதற்கு மேலே, ஹேக்கும் பால்ரனால்டுக்கும் இடையில், நிம்மி–கைரா என்னும் வெள்ளச் சமவெளியிலிருந்த பண்ணைகள் 2013இல் சுமார் 18 கோடி டாலருக்கு ஒட்டுமொத்தமாக வாங்கப்பட்டன. பரப்பு 84,000 எக்டேருக்கு மேல். நீர் ஆற்றுக்குப் போனது. நிலம் என்ன ஆனது என்பதுதான் இந்த மூன்றிலும் சிறந்த பகுதி. அது நரிநரி மக்களின் பழங்குடி மன்றத்துக்குக் கைமாறியது. அவர்கள் அதைக் 'கயினி' என்று அழைக்கிறார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு நீர் என்று பொருள். புதைமேடுகளைக் காத்துக்கொண்டு, வெள்ளத்தைப் பழைய வழியில் விட்டுக்கொண்டு, ஒரு பகுதியில் மாடும் மேய்க்கிறார்கள்.

தனியாராக வாங்க வருவோருக்கு இன்னும் சில விதிகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் வழக்கமாக வசிக்காதவர் வெளிநாட்டு முதலீட்டாளராகக் கருதப்படுவார். அத்தகையோர் பெரும்பாலோருக்கு, ஏற்கெனவே வைத்திருக்கும் வேளாண் நிலத்தோடு சேர்த்து மதிப்பு 1.5 கோடி டாலரைத் தாண்டினால் 2015 முதல் முன் அனுமதி தேவை. 2018 முதல், அந்த நிலம் உள்நாட்டவருக்கும் தெரியும்படி குறைந்தது 30 நாள் வெளிப்படையாக விளம்பரப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். நிலத்துக்கும் நீருக்கும் வெளிநாட்டு உடைமைப் பதிவேடு இருக்கிறது. விற்பனை மூன்று வகையில் நடக்கும். பொது ஏலம், மூடிய உறையில் விலை கோருவது, நேரடிப் பேச்சு. "முழுதாகவோ பிரித்தோ" என்று விளம்பரத்தில் இருந்தால், ஆற்றுத் துண்டும் நீரும் ஒருவருக்கும் பின்னிலம் இன்னொருவருக்கும் போகக்கூடும். 1861க்குப் பின் ஸ்குவாட்டர்கள் செய்ததை இன்று சந்தை தானே செய்துவிடும். பின்னிலத்தை மட்டும் வாங்குவோர் கால்நடைக்கு நீர்க் குழாய் எந்த நிலம் வழியாக வருகிறது, அதற்கு வழியுரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. மந்தை, டிராக்டர், வீட்டுச் சாமான் வரை எல்லாம் அப்படியே கைமாறும் விற்பனையும் உண்டு. அதில் விலை கூடும், ஆனால் அந்த மண்ணைப் பழகிய மந்தை கிடைக்கும்.

பத்திரத்தில் ஏறாத சொத்தும் இருக்கிறது. பல பழம்பண்ணைகளில் நூறு ஆண்டுக்கு மேலாக நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதிவைத்து வானிலைத் துறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பேரேடுகள் சமையலறை அலமாரியில் இருக்கும். கொட்டகை மரத்தூணில் ஒவ்வொரு பெருவெள்ளமும் ஏறிய உயரம் கத்தியால் கீறப்பட்டிருக்கும். கத்தரித்தவர்களின் பெயர்களும் ஆண்டும் கம்பளிப் பொதிக்கு முத்திரையிடும் மையால் சுவரில் எழுதப்பட்டிருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கம்பளியின் கொழுப்பு ஊறித் தரைப்பலகை மெருகேறி, கால் வழுக்கும். எந்தப் பட்டியில் எந்த மாதம் ஆட்டை விடக் கூடாது, எந்த வாய்க்கால் கரை எலி வளையால் உடையும், எந்த வெள்ளத்தில் வீட்டுக்கு வழி அடைபடும் என்பதெல்லாம் விற்கும் முதியவருக்கு மட்டுமே தெரியும். அவரோடு இரண்டு மூன்று நாள் நிலத்தைச் சுற்றி வருவதும், மழைப் பேரேட்டின் படியொன்றை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குவதும் விலையில் சேராதவை. விற்கும் குடும்பங்கள் இதை மறுப்பது அரிது. கேட்பார் இல்லை என்பதே அவர்கள் வருத்தம்.

ஒப்படைப்பு நாளில் நிலப் பத்திரம் நிலப் பதிவேட்டில் பெயர் மாறும். நீர் உரிமம் அதன் தனிப் பதிவேட்டில் தனி விண்ணப்பத்தால் மாறும், அந்த ஆண்டுக் கணக்கில் மிஞ்சிய நீர் யாருக்கு என்பது ஒப்பந்தத்தில் எழுதிய வரியின்படி நிற்கும். மந்தையோடு விற்பனை என்றால் ஆடுகளை வாசல் வழியாக விட்டு இரு தரப்பும் எண்ணும். கடைசியாக விற்பவரும் வாங்குபவரும் ஆற்றங்கரைப் பம்புக்குப் போய், அளவுமானியில் நிற்கும் எண்ணைப் படித்து, தேதியோடு எழுதி, இருவரும் கையெழுத்திடுவார்கள்.